பாப்பா முழிக்காத வில்லு

என்னுடைய முதல் வில் சத்தக்காரி. ரீகர்வ் வகை. இரண்டு நுனிகளும் முன்பக்கம் சுருண்டிருக்கும். பூட்டிய நாண் அந்தச் சுருளின்மேல் படிந்து கிடக்கும். அம்பை விட்டதும் திரும்பி வந்து அங்கேதான் அறையும். ஈரத் துணியைக் கல்லில் அடித்த மாதிரி ‘பட்’டென்று கேட்கும்.

அரவேணுவில் நாங்கள் குடியிருக்கும் வீட்டுக்குப் பின்னால், தேயிலைச் சரிவை வெட்டி எடுத்ததில் ஆள் உயரத்துக்கு மேலே ஒரு மண்சுவர் நிற்கிறது. அதன் முன்னால் வைக்கோல் பொதியை வைத்து, பள்ளிக்கூடம் விட்டு வந்த மாலைகளில் வெளிச்சம் போகும்வரை எய்வேன். கோத்தகிரியில் கணக்கு டீச்சர் நான். நாள் முழுக்கக் கத்திவிட்டு வருகிற தொண்டைக்கு, பேசாமல் செய்கிற வேலை ஒன்று வேண்டியிருந்தது. குறிபார்க்கும் கருவி, கப்பி எதுவும் இல்லாத பழைய முறை வில்வித்தை. கோயமுத்தூரில் கல்லூரி படிக்கும்போது பிடித்துக்கொண்டது. விடவில்லை. மேல்தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பெண்கள் என் வில் சத்தத்தைக் கேட்டால், “டீச்சர் ஊட்டுக்கு வந்தாச்சு” என்பார்களாம்.

என் கணவர் தேயிலை ஃபாக்டரியில் சூப்பர்வைசர். அவர் வில்லைத் தொட்டதில்லை. “பட்டாசு வெடிச்சு முடிச்சாச்சா புள்ள?” என்று கேட்டபடி டீ கொண்டுவந்து வைப்பார். அவ்வளவுதான் அவருக்கும் அதற்கும் உறவு.

கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து எனக்குக் கரு நின்றது. டாக்டரம்மா, வில் இழுப்பதை நிறுத்திவிடுங்கள் என்றார். அன்றைக்கே நாணைக் கழற்றி வில்லை ஆணியில் மாட்டினேன். எந்த வருத்தமும் இல்லை. அந்த மாதங்களில் எதை விடச் சொல்லியிருந்தாலும் விட்டிருப்பேன்.

வயிறு நன்றாகத் தெரிய ஆரம்பித்த சமயத்தில் என் கணவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடு முழுக்க நடந்து பார்த்துவிட்டு வந்தார். “பாப்பாவுக்குப் பின்ரூம்தான். நம்மூட்டுல வெயில் வர்றது அங்க மட்டும்தான்” என்றார். இந்த மலையில் வெயில் விழும் அறை என்றால் அதற்குமேல் பேச்சில்லை. ஆனால் அந்த அறையின் ஜன்னல் மண்சுவரைப் பார்த்துத் திறப்பது. நான் நின்று எய்யும் இடம் அதற்கு நேர் கீழே.

“தூங்கற கொழந்தை தூக்கிப்போட்டு முழிச்சுக்குமுங்க. பரவால்ல, நான் வில்ல வுட்டர்றேன்” என்றேன்.

“நீ எதுக்கு வுடோணும்? சத்தம் போடாத வில்லுன்னு ஒண்ணு இருக்காதா?”

அந்த யோசனை எனக்கு வந்ததே இல்லை. அவருக்கு வந்தது. அன்று சாயங்காலமே உட்கார்ந்து விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். பழைய வில்லின் நாணில் கம்பளி நூல் குஞ்சம் கட்டிப் பார்த்திருக்கிறேன் என்று சொன்னேன். ரீங்காரம் குறையும், அறை சத்தம் போகாது. நேரான லாங்போ என்றால் நாண் எங்கேயும் படியாது, அதனால் சத்தம் கம்மி. ஆனால் அம்பு போனதும் கையை உதறும். இரண்டுக்கும் நடுவில் ஹைபிரிட் லாங்போ. மெல்லிய வளைவு மட்டும் இருக்கும், நாண் அதை மாட்டும் நுனி வெட்டைத் தவிர வேறெங்கும் தொடாது, கையும் அதிராது. இவ்வளவையும் அவர் பரீட்சைக்குப் படிக்கிற பையன் மாதிரி திருப்பிச் சொல்லிக்கொண்டார். கோயமுத்தூரில் வில் செய்யும் ஒருவரை எனக்குத் தெரியும். அவரிடம் போனில் பேசியதும் இவர்தான். “சார், எங்க பாப்பா முழிக்காத வில்லு ஒண்ணு வேணுங்க.”

வில்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று வில்களை எடுத்துக்கொண்டு மலையேறி வந்தார். நான் எய்யக்கூடாது என்பதால் அவரே எய்வதாக ஏற்பாடு. நான் முற்றத்தில் நாற்காலி போட்டு வயிற்றைத் தாங்கி உட்கார்ந்திருந்தேன். என் கணவரைக் காணவில்லை. பார்த்தால், பின்ரூம் கட்டிலில் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறார்.

“என்னங்க பண்றீங்க?”

“நாந்தான் பாப்பா. தூங்கறேன். நீங்க வுடுங்க.”

வில்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு முதல் வில்லில் எய்தார். உள்ளேயிருந்து குழந்தை மாதிரி “ங்ஙா” என்று அழுகைக் குரல் வந்தது. இரண்டாவது வில் நேரான லாங்போ. உள்ளே கொஞ்ச நேரம் அமைதி. பிறகு, “பொரண்டு படுத்துட்டனுங்க, முழிக்கல” என்றார். மூன்றாவதுதான் ஹைபிரிட். வில்காரர் எய்தார். உள்ளே சத்தமில்லை. கனமான அம்பாக மாற்றி இன்னொன்று எய்தார். அப்போதும் சத்தமில்லை. வெகு நேரம் கழித்து அவர் குரல் கேட்டது. “ஏனுங்க, இன்னும் ஆரம்பிக்கலீங்களா?”

நான் சிரித்த சிரிப்பில் வயிற்றுக்குள் அது எட்டி உதைத்தது. வில்காரர் முன்னால் கூச்சமாக இருந்தாலும் கையை அங்கேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது மாதிரியிலேயே ஒன்று செய்யச் சொன்னோம். பிள்ளை பெற்ற பிறகு தோளில் பலம் இருக்காது, இழுவை கொஞ்சம் குறைவாக இருக்கட்டும் என்றார் வில்காரர். பிடிக்கு எந்த மரம் என்று கேட்டதற்கு என் கணவர், “பாப்பா பொறந்ததும் பாத்துட்டு நெறம் சொல்றமுங்க” என்றார். அப்படியெல்லாம் காத்திருக்க முடியாது என்று வில்காரர் சிரித்தார். கருங்காலி நிறத்தில் ஒன்றை நான் காட்டினேன்.

எட்டாம் மாதத்தில் ஒரு காலையில் அசைவு இல்லை. தண்ணீர் குடித்தேன், இடப்பக்கம் படுத்தேன், பாட்டு வைத்தேன். பிறகு குன்னூருக்குப் போனோம். ஸ்கேன் செய்த டாக்டரம்மா திரையை என் பக்கத்திலிருந்து திருப்பிக்கொண்டபோதே எனக்குத் தெரிந்துவிட்டது.

அறுத்துத்தான் எடுத்தார்கள். பெண். நான் மயக்கத்தில் கிடந்தேன். கண் விழித்தபோது எல்லாம் முடிந்திருந்தது. “பாத்தா மறக்கவே முடியாது கண்ணு, பாக்காம இருக்கறதுதான் நல்லது” என்று என் அம்மா தலையைத் தடவினார். அம்மாவும் அவரும்தான் அப்படி முடிவு செய்திருந்தார்கள். என் கணவர் குழந்தையைத் துண்டில் சுற்றி ஜீப்பில் கொண்டுபோய் மண்ணில் வைத்துவிட்டு வந்திருந்தார். சட்டையில் செம்மண் இருந்தது. அவர் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது பின்ரூமில் கட்டில் மட்டும் இருந்தது. குழந்தைக்கென்று வாங்கிய எல்லாவற்றையும் அவர் எடுத்து எங்கேயோ வைத்திருந்தார். மார்பில் பால் கட்டி, மாத்திரை போட்டு வற்றவைத்தோம். சொந்தக்கார அம்மா ஒருவர் பார்க்க வந்து, வில்லை இழு இழு என்று இழுத்ததில்தான் இப்படி ஆயிற்று என்றார். டாக்டரம்மா அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று தெளிவாகச் சொல்லியிருந்தார். என் கணவர் எழுந்து வாசல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, “நீங்க கெளம்புங்க” என்றார். அவர் குரல் உயர்ந்தது அந்த ஒரு தடவைதான். மற்றபடி ஃபாக்டரிக்குப் போனார், வந்தார், சோறு போட்டால் சாப்பிட்டார். ஒரு சொட்டுக் கண்ணீர் நான் பார்க்கவில்லை. நான் குளியலறையில், பஸ்ஸில், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பின்னம் நடத்தும்போது கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். இந்த மனுஷனுக்கு ஒன்றுமே இல்லையா என்று ஆத்திரமாக வரும்.

தையல் ஆறி, டாக்டரம்மா சம்மதித்த பிறகு, பழைய வில்லை ஆணியிலிருந்து எடுத்தேன். சாயங்காலமானால் பின்பக்கம் போய்விடுவேன். பட், பட் என்று அறையும். அந்தச் சத்தம் எனக்குப் பிடித்திருந்தது. வீட்டில் ஏதோ ஒன்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. எய்து முடித்து உள்ளே வந்தால் அவர் ஹாலில் டிவி முன்னால் உட்கார்ந்திருப்பார்.

மழைக்காலம் முடிந்த பிறகு ஒரு நாள் வில்காரருக்கு நானே போன் செய்தேன்.

“ரெடியாகி ரொம்ப நாளாச்சுங்க டீச்சர். சார் சொன்னாருங்க. நீங்களாக் கேக்கறப்பக் குடுக்கலாம்னு எடுத்து வெச்சிருக்கேன்.” அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை. அதற்காக இன்றும் அவர்மேல் எனக்கு நன்றி உண்டு.

என் கணவரிடம் சொன்னபோது அவர் முகம் மாறியது. “அது எதுக்கு புள்ள இப்ப? பழசே இருக்கட்டுமே.”

“என்ற வில்லுங்க அது.”

“பழசு நல்லாத்தான இருக்கு…”

அந்த வில்லைப் பார்த்தால் அவருக்குத் தாங்காது என்றுதான் நினைத்தேன். ஆனாலும் விடவில்லை. எனக்கென்று செய்த ஒன்றாவது வீட்டுக்கு வரட்டும் என்றிருந்தது. அடுத்த ஞாயிறு அவரே போய் வாங்கிக்கொண்டு வந்தார்.

அழகான வில். கருத்த பிடி என் உள்ளங்கைக்கு அளவெடுத்தாற்போல உட்கார்ந்தது. மறுநாள் சாயங்காலம் நாண் பூட்டி முதல் அம்பை எய்தேன். ஒரு பெருமூச்சு அளவுதான் சத்தம். அம்பு வைக்கோலில் இறங்கியதுகூட நான் நிற்கும் இடத்துக்குச் சரியாகக் கேட்கவில்லை. கை அதிரவில்லை. இரண்டாவது, மூன்றாவது எய்தேன். நாலாவது அம்பைத் தொடுத்தபோது விரல் உறை தையல் விட்டுப்போயிருந்தது. இன்னொன்று அலமாரியில் இருந்தது. எடுக்க உள்ளே போனேன்.

ஹாலில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. அவர் இல்லை. பின்ரூம் கதவு ஒருக்களித்திருந்தது. கட்டிலில் உட்கார்ந்து, வாயைத் திறந்தபடி, சத்தம் வெளியே வராமல் அழுதுகொண்டிருந்தார். மூக்கும் கண்ணும் ஒழுகி, சட்டைக் காலர் நனைந்து, உடம்பு முழுக்க முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தது. இப்படி ஒருவர் அழுது நான் பார்த்ததில்லை.

என்னைப் பார்த்ததும் கையால் முகத்தை மூடிக்கொண்டார். “நீ இன்னும் வுட்டுட்டு இருக்கன்னு நெனச்சேன்” என்றார். “சத்தமே கேக்கலியே.”

எனக்குப் புரியவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். தினமும் இப்படித்தான். நான் வில்லை எடுத்துக்கொண்டு போனதும் டிவியைப் போட்டுவிட்டு இங்கே வந்துவிடுவார். “பழைய வில்லுல பட்டு பட்டுன்னு கேட்டுட்டே இருக்கும். அது நின்னா நீ அம்பு புடுங்கப் போயிருப்ப. மறுபடியும் கேக்கும். ரொம்ப நேரம் கேக்கலீன்னா, சரி, வரப்போறன்னு மூஞ்சியக் கழுவிட்டுப் போயி உக்காந்துக்குவேன். இந்த வில்லுல நீ வுடறயா நிறுத்திட்டயான்னே தெரியலியே.”

“எங்கிட்ட அழுதிருக்கலாமல்லங்க.”

“நீயே தாங்க மாட்டாம கெடக்கற. உன்ற முன்னாடி எப்படி அழுகறது?”

எத்தனையோ மாதமாக வாய்க்குள் வைத்திருந்ததை அப்போதுதான் கேட்டேன். “அவ எப்படீங்க இருந்தா?”

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு கையை அகட்டி, அவ்வளவுதான் இருந்தாள் என்று காட்டினார். “முடி நெறைய. ஈரமா நெத்தில ஒட்டிட்டு இருந்துச்சு. காது உன்ற காதுதான். அடில தொங்காது பாரு, அப்படியே கன்னத்தோட ஒட்டி… ஜீப்புல போறப்பத் துண்டு வெலகிப் பாத்தேன். குளுருமேன்னு மறுபடியும் சுத்துனேன். குளுருமான்னு எனக்குத் தெரியல புள்ள. சுத்துனேன்.”

“இன்னொருக்காச் சொல்லுங்க” என்றேன். சொன்னார். வெளியே இருட்டி, வில் முற்றத்தில் பனியில் கிடந்தது. அவர் மூன்று தடவை சொன்னார். மூன்றாவது தடவை இரண்டு பேருமே சத்தம் போட்டு அழுதோம்.

அந்த வாரமே என்னை அங்கே கூட்டிப்போகச் சொன்னேன். மேட்டு மயானம், எங்கள் ஊர் ரோட்டு வளைவிலிருந்து கொஞ்சம் ஏறவேண்டும். ஃபாக்டரிக்குப் போகும்போதெல்லாம் அந்த வளைவில்தான் போகிறார் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். ஆனால் அன்றைக்குப் பிறகு உள்ளே காலெடுத்து வைத்ததில்லையாம். புல் முழங்கால் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. மழையில் சரிவு மண் இறங்கி, எல்லாம் ஒன்றுபோல இருந்தது.

அவர் ஒரு சில்வர் ஓக் மரத்திலிருந்து அடி எண்ணி நடந்து வந்து நின்றார். “இங்கதான்” என்றார். பிறகு சுற்றிப் பார்த்துவிட்டு, கொஞ்சம் தள்ளிப் போய், “இல்ல, இங்க. கல்லு ரெண்டு வெச்சனே…” என்று புல்லை விலக்கித் தேடினார். கல் கிடைக்கவில்லை. “இங்கதான் புள்ள எங்கயோ. சத்தியமா இங்கதான்.”

“பரவால்லங்க, வுடுங்க” என்றேன். அவர் விடவில்லை. குனிந்து தேடிக்கொண்டே இருந்தார். நான் அந்த இரண்டு இடத்துக்கும் நடுவில், ஈரப் புல்லில் உட்கார்ந்தேன். மஞ்சு ஏறி வந்து தேயிலையை மூடியது. கொஞ்ச நேரம் கழித்து அவரும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.