பெல்ட் நிற்கக் கூடாது

பெங்களூரின் பழைய ஏர்போர்ட்டில், செக்-இன் கவுண்டர்களுக்கு முன்னால் ஒரு எக்ஸ்ரே மெஷின் இருந்தது. விமானத்தின் வயிற்றுக்குள் போகிற பெட்டிகள் எல்லாம் அதன் வழியாகத்தான் போக வேண்டும். நான் அதன் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். ஆரஞ்சு என்றால் துணி, சாப்பாடு. நீலம் என்றால் இரும்பு. முறுக்கு அச்சு, இட்லித் தட்டு, குக்கர், வெண்கலப் பிள்ளையார் என்று ஊரார் வீட்டுச் சாமானை எல்லாம் பார்த்திருக்கிறேன்.

என்னுடன் வேலை பார்த்த அக்கா அத்திபெலேயிலிருந்து பஸ் பிடித்து வருவாள். எனக்கு வேலை சொல்லிக் கொடுத்ததும் அவள்தான், சண்டை போடக் கற்றுக் கொடுத்ததும் அவள்தான். நான் அவள் பக்கத்தில் நின்று வேலை கற்றுக்கொண்டிருந்தபோது ஒருவர் பெட்டிக்குள் பம்ப் ஸ்டவ் வைத்திருந்தார். காலி ஸ்டவ் என்று சத்தியம் செய்தார். அக்கா அதை எடுத்து அவர் காதுக்குப் பக்கத்தில் ஆட்டினாள். உள்ளே மண்ணெண்ணெய் சளசளத்தது. ஸ்டவ்வை எங்களிடம் விட்டுவிட்டு அந்த ஆள் விமானம் ஏறி, எதுவும் நடக்காமல் இறங்கியிருப்பார். எங்கள் வேலையின் லட்சணமே அதுதான். ஒழுங்காகச் செய்தால் எதுவும் நடக்காது, எதுவும் நடக்காததற்கு யாரும் நன்றி சொல்வதில்லை.

திரையை ஒரே ஆள் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருந்தால் கண் மரத்துப் போகும். அதனால் ஆள் மாற்றி ஆள் உட்கார வேண்டும் என்பது விதி. எங்களை வேலைக்கு வைத்த காண்ட்ராக்ட் கம்பெனிக்கு அந்த விதி ஒத்துவரவில்லை. ஒரு ஷிப்டுக்கு ஒரு ஆள்தான். எழுந்தால் பெல்ட் நிற்கும், பெல்ட் நின்றால் வரிசை நிற்கும், வரிசையில் நிற்பவர்கள் எல்லாம் நம் பரம்பரையையே விசாரிப்பார்கள். அதனால் நாங்கள் தண்ணீர் குடிப்பதை விட்டுவிட்டோம். பெரிய தியாகம் ஒன்றும் இல்லை, பாத்ரூம் போக முடியாது என்பதுதான் காரணம். எனக்கு நீர்க்கடுப்பு வந்து வந்து போனது. அக்காவுக்கு வந்தது போகவே இல்லை.

மாற்று ஆள் கேட்டபோது கம்பெனி மேனேஜர் சிரித்தார். டிவி பார்க்கிற வேலைக்கு ரெண்டு பேரா என்றார். வீட்டு டிவியிலாவது விளம்பரம் வந்தால் எழுந்து போகலாம். அக்கா சும்மா இருக்கவில்லை, சங்கம் ஆரம்பிக்க ஆள் சேர்த்தாள். அப்போது அதே மேனேஜர் முகத்தைப் பெரிதாக வைத்துக்கொண்டு, நாட்டின் பாதுகாப்பே உங்கள் கையில் இருக்கிறது, உங்களுக்கெல்லாம் சங்கம் ஆகாது என்றார்.

எங்கள் கழுத்தில் தொங்கிய பாஸ் அவர் தயவில் வருவது. கம்பெனி எழுதிக் கொடுத்தால்தான் புதுப்பிப்பார்கள், பாஸ் இல்லாமல் கேட்டைத் தாண்ட முடியாது. அக்காவின் பாஸ் முடிந்தது, புதுசு வரவில்லை. அவள் ஷிப்டும் என் தலையில் விழுந்தது. ஆனாலும் ஷிப்டு நேரத்துக்கு அவள் வந்துவிடுவாள். இஸ்திரி போட்ட யூனிஃபார்மில் கேட்டுக்கு வெளியே நிற்பாள். வேலைக்கு வராமல் நின்றுவிட்டாள் என்று நாளைக்கு ஒருவனும் சொல்லக் கூடாதாம்.

அவளைத் தாண்டித்தான் நான் உள்ளே போக வேண்டும். எனக்கு அவமானமாக இருந்தது. வீட்டில் சொன்னபோது, ஆலை மூடி வேலை போன என் கணவர், ஒரு காலத்தில் கொடி பிடித்து கேட்டில் நின்ற மனிதர், என்னைப் பார்க்காமலே சொன்னார்: "நாங்க நின்னு என்னத்த கண்டோம்? நீ கம்முனு போய்ட்டு வா." ஆஸ்டின் டவுனில் எங்கள் அடுப்பு என் சம்பளத்தில்தான் எரிந்தது. உள்ளே அந்த நாற்காலி, வெளியே அந்த கேட், வீட்டுக்குப் போனால் இவர். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

ஒரு காலை நெரிசலில் அடிவயிறு கல்லாக வலித்தது. மனசெல்லாம் அந்த வலியிலேயே இருந்தது. பெட்டிகள் போய்க்கொண்டிருந்தன. திடீரென்று உறைத்தது, கடைசியாகப் போன பெட்டியில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. அதற்கு முந்தையதிலும் தெரியவில்லை. சிவப்பு பட்டனை அழுத்தினேன். பெல்ட் நின்றது.

மேனேஜர் ஓடி வந்தார். பெட்டிகள் வண்டியில் ஏறியாயிற்று, பேசாமல் பட்டனை விடு என்று பல்லைக் கடித்தார். அவருக்குப் பின்னாலேயே விமானக் கம்பெனி அதிகாரியும் வந்தார். நான் அவரைப் பார்த்துச் சொன்னேன்: "கடைசியா போன பொட்டிங்கள நான் பாக்கல சார். கண்ணு தொறந்துதான் இருந்துச்சு. ஆனா பாக்கல."

அவர் முகம் வெளுத்தது. பெட்டிகளைத் திரும்பக் கொண்டுவரச் சொன்னார். வேறு யாராவது திரையில் உட்காரட்டும், மாற்று ஆள் எங்கே என்று கேட்டார். மேனேஜர் இப்போதுதான் அனுப்பினேன், லீவு, வந்துகொண்டிருக்கிறார் என்று எதையெதையோ உளறினார்.

"கேட்டுக்கு வெளியே நிக்கிறாங்க சார்," என்றேன். "யூனிஃபார்ம்லதான்."

வேலை தெரிந்த ஆள் பக்கத்தில் வேறு யாரும் இல்லை. அதிகாரியே போய் அவளுக்கு ஒரு நாள் பாஸ் வாங்கினார். திரும்பி வந்த பெட்டிகளில் எதுவும் இல்லை, புடவையும் ஊறுகாயும்தான். அதற்குப் பிறகு மாற்று ஆள் தந்தார்கள். சங்கத்தை மட்டும் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. எங்கள் இருவருக்கும் பாஸை ஒரு மாதம், இரண்டு மாதம் என்று துண்டு துண்டாகத்தான் புதுப்பித்தார்கள்.

அன்று அக்கா வந்தபோது வரிசை வாசல்வரை நின்றது. அவள் மேனேஜரைப் பார்க்கவில்லை. என் தோளில் கை வைத்தாள்.

"எந்திரி. போய் தண்ணி குடிச்சினு வா. நான் பாத்துக்கினு இருக்கேன்."

கால் மரத்திருந்தது, நாற்காலியைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தேன். அவள் உட்கார்ந்து பெல்ட்டை ஓட்டினாள். நான் நடந்து போனேன். பின்னால் பெல்ட் ஓடிக்கொண்டே இருந்தது.