ஜன்னல்காரரின் சிவப்பு வயர்

மின்சார அலுவலகத்தில் புகார் வாங்கும் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவரை எல்லோரும் ஜன்னல்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தச் சின்னச் சதுரத்தில் நாள் முழுக்க ஒரு முகம் போனால் அடுத்த முகம். மீட்டர் பேயாய் ஓடுகிறது என்பார் ஒருவர், ஓடவே இல்லை என்பார் அடுத்தவர். பக்கத்து வீட்டில் மட்டும் விளக்கு எரிகிறதே என்பதுதான் அதிகம் வரும் புகார். தன் வீட்டு இருட்டைக் கூட மனுஷன் பொறுத்துக்கொள்வான், பக்கத்து வீட்டு வெளிச்சத்தைப் பொறுக்கவே மாட்டான். இதையெல்லாம் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப் போய் அவர் வீட்டுக்கு வந்தால், அங்கே நாற்காலியில் மச்சான் உட்கார்ந்திருப்பார்.

மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். ஆயுசெல்லாம் பம்ப்செட் விற்று ஓய்வு பெற்றவர். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு தனியாக ஒரு வாடகை அறையில் இருந்தார். பகலெல்லாம் சேர்த்து வைத்த பேச்சைச் சாயங்காலம் தங்கை வீட்டில் கொண்டுவந்து கொட்டுவார். வாயைத் திறந்தால் மோட்டார் ஓடும், சுவிட்ச் மட்டும் கிடையாது. நல்ல மனுஷர், சும்மா சொல்லக் கூடாது. ஆனால் நல்ல மனுஷர் பேசினாலும் காது காதுதானே.

ஜன்னல்காரர் முதலில் காதில் பஞ்சு வைத்துப் பார்த்தார். மச்சான் காதுவலிக்கு வைத்தியம் சொல்லியே ஒரு வாரத்தை ஓட்டினார். பிறகுதான் அலுவலகத்தில் டைப் அடிக்கும் அம்மாளைக் கவனித்தார். அந்த அம்மாள் காதில் இயர்போன் மாட்டியிருக்கும்வரை மேலதிகாரிகூடக் கிட்டே போகமாட்டார். காதில் வயர் தொங்கினால் ஆள் வீட்டில் இல்லை என்று அர்த்தம். ஆகா, இதல்லவா வழி என்று அன்று சாயங்காலமே கடைக்குப் போனார்.

மாடிப்படிக்கு அடியில் இருந்த அந்தக் கடைக்காரருக்கு சங்கீதம்தான் உயிர். வாடிக்கையாளர் கிடைத்தால் விடமாட்டார். வயரே இல்லாத குட்டி இயர்போன் ஒன்றை உள்ளங்கையில் வைத்து நீட்டினார்.

"இதைப் பாருங்க சார். போட்டிருக்கறதே வெளிய தெரியாது."

"தெரியலைன்னா எனக்கு எதுக்கு? நல்லா பளிச்சுன்னு வயர் வச்சது குடுங்க. சிவப்புல இருக்கா?"

"இருக்கு. ஆனா அது காதை அடைக்காது சார், வெளிச்சத்தமெல்லாம் உள்ள வரும். ரப்பர் வச்சது தரட்டுமா?"

ரப்பர் வைத்ததைப் போட்டுப் பார்த்தார். தன் நெஞ்சு அடிப்பதே கேட்டது. அதுவும் ஏதோ புகார் சொல்வதுபோல இருந்ததால் கழற்றிக் கொடுத்துவிட்டார். சிவப்பு வயரே போதும் என்றார். கடைக்காரர் பாட்டு கேட்கும் சின்ன பிளேயரை எடுத்துக் காட்டியபோது அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"பாட்டு ஓடாமலேயே லைட் எரியுமா?"

கடைக்காரர் அவரை ஒரு மாதிரி பார்த்தார். "எரியும். சரி, பாட்டு எதுல ஏத்தட்டும்? எம்பி3 வேணாம் சார். இடம் அடைக்குதுன்னு பாட்டை அங்கங்க சுரண்டி எடுத்துடுவாங்க, காதுக்குத் தெரியாதுங்கற தைரியத்துல. ஃபிளாக்னு இன்னொரு வகை இருக்கு, அது அப்படி இல்லை. துணியை மடிச்சு வைக்கற மாதிரி. மடிக்கும், கிழிக்காது."

"எதுலயும் வேணாம். காலியா இருக்கட்டும்."

"ஒரு பாட்டு கூடவா வேணாம்?"

"முக்கால்வாசிப் பாட்டு என்ன சொல்லுதுன்னு கேட்டிருக்கீங்களா? வரலை, பாக்கலை, மறந்துட்டே. இதெல்லாம் புகார் இல்லாம என்ன? நான் பகல் முழுக்க வாங்கறேன்."

கடைக்காரர் அசந்து போனார். எந்தப் பாட்டிலும் குறை காணும் இத்தனை பெரிய ரசிகரைத் தன் ஆயுசில் கண்டதில்லை என்று மனதுக்குள் கும்பிட்டு, பிளேயரைப் பெட்டியில் போட்டுக் கொடுத்தார்.

வயர் வேலை செய்தது. சட்டைப்பையில் லைட் எரிய, நெஞ்சில் சிவப்பு வயர் தொங்க, ஜன்னல்காரர் செய்தித்தாளைப் பிரித்து உட்கார்ந்தால் மச்சான் ஓரிரு முறை வாயைத் திறந்து மூடிவிட்டுத் தங்கையைப் பார்க்கச் சமையலறைக்குப் போய்விடுவார். தாளத்துக்கு ஏற்ப அவ்வப்போது தலையாட்ட வேண்டும், அது ஒன்றுதான் கஷ்டம். எந்தத் தாளத்துக்கு என்பதை அவரே வைத்துக்கொண்டார். கல்யாணமான நாளிலிருந்து இப்படி ஒரு நிம்மதியை அவர் கண்டதில்லை.

ஆனால் மச்சானுக்கு மாட்டிய பூட்டு மனைவிக்கும் சேர்த்தே விழுந்தது. மச்சான் போன பிறகு கழற்றலாம் என்றுதான் நினைத்தார். கழற்றினால் "அந்த டியூப்லைட்டை எப்ப மாத்துவீங்க" என்று அவள் ஆரம்பிப்பாள். இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்று விட்டார். கொஞ்ச நேரம் சாப்பாட்டு நேரமாகி, சாப்பாட்டு நேரம் படுக்கும் நேரமாகி, வீட்டில் இருக்கும் வரை காதில் வயர் என்றே ஆகிவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவி பரணிலிருந்து பெட்டி எடுக்க ஸ்டூலில் ஏறினாள். ஸ்டூலுக்கு ஒரு கால் குட்டை.

"என்னங்க, கொஞ்சம் வந்து இதைப் பிடிங்க. ஆடுது."

அவர் காதில் தெளிவாக விழுந்தது. எழுந்தால் என்ன ஆகும்? இத்தனை நாள் கேட்டுக்கொண்டே கேட்காததுபோல இருந்தது வெளியே வந்துவிடும். உட்கார்ந்தால்? ஒன்றும் ஆகாது, அவள் பார்த்து இறங்கிவிடுவாள். "என்னங்க" என்று இன்னொரு குரல் வந்தது. அவர் செய்தித்தாளில் ஒரு பக்கத்தைத் திருப்பினார். பாவி மனுஷன், தலையையும் ஆட்டினார். தடால் என்று சத்தம் கேட்டது.

கணுக்கால் வீங்கியிருந்தது. அன்று ராத்திரி அவரே உட்கார்ந்து தைலம் தேய்த்துவிட்டார், காதில் வயரோடு. "கூப்பிட்டிருக்கலாமே" என்றும் சொன்னார். அதைச் சொல்லும்போது அவருக்கே வெட்கமாக இருந்தது.

இனி அவருக்குத் தெரியாமல் நடந்ததைச் சொல்கிறேன், தெரிந்துகொள்ளுங்கள். மச்சான் இருந்த அறையை வீட்டுக்காரர் திரும்பக் கேட்டுவிட்டார். தங்கை வீட்டுப் பின்னறை சும்மாதானே கிடக்கிறது, வந்துவிடட்டுமா என்று மச்சான் கேட்டார். அவரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றாள் மனைவி. எங்கே கேட்பது? வயர் இருக்கும் காதில் எதைச் சொன்னாலும் செவிடன் காதில் ஊதிய சங்குதான். யோசித்தாள். அந்தக் காதுக்கு அந்தப் பெட்டி சொல்வதுதானே கேட்கிறது, அதற்குள்ளேயே போய்விட்டால் என்ன என்று தோன்றியது. அவர் வேலைக்குப் போன நேரத்தில் பிளேயரை எடுத்துக்கொண்டு, நொண்டி நொண்டி அதே கடைக்குப் போனாள்.

கடைக்காரர் பிளேயர் காலியாக இருப்பதைப் பார்த்தார். பெரிய ரசிகர், பாட்டை வேறு மெமரி கார்டில் வைத்திருப்பார் என்று எண்ணி அதைப் பற்றி மூச்சு விடவில்லை. தன் குரலை இதில் ஏற்ற வேண்டும் என்று அவள் சொன்னதும் மைக்கைக் கையில் கொடுத்தார். அவள் கேட்க வேண்டியதைக் கேட்டாள். கடைசியில், "ஒண்ணும் சொல்லலைன்னா சரின்னு எடுத்துக்கறேன்" என்று முடித்தாள். ஒரு எழுத்தும் சிதையாமல் அதை ஃபிளாக்கில் ஏற்றிக் கொடுத்தார் கடைக்காரர்.

அதை ஜன்னல்காரர் காதில் மாட்டிக்கொண்டே திரிந்தார். மனைவி முகத்தை முகத்தைப் பார்த்தாள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மௌனம் சம்மதம் என்று பெரியவர்கள் இவரைப் போன்ற ஆளைப் பார்க்காமலேயே சொல்லிவிட்டுப் போனார்கள். அந்த வாரக் கடைசியில் வாசலில் ஒரு வண்டி நின்றது. இரும்புக் கட்டில் இறங்கியது, டிரங்குப் பெட்டி இறங்கியது, விற்காமல் போன ஒரு பம்ப்செட் இறங்கியது, கடைசியாக மச்சான் இறங்கினார்.

ஜன்னல்காரர் திகைத்துப் போய் மனைவியைப் பார்த்தார். அவள் கண் கலங்கி, "ரொம்ப நன்றிங்க" என்றாள். எதற்கு என்று கேட்க முடியாது. கேட்டால் அவள் சொன்னது காதில் விழுந்ததாகிவிடும். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டுக் கட்டிலோடு வந்து நிற்கிறது, என்ன செய்வது? வழக்கம்போலத் தலையாட்டினார்.

குடிவந்த மச்சானுக்குக் கூச்சம் கொஞ்சம் விட்டுப் போனது. மறுநாள் சாயங்காலம் பக்கத்தில் வந்து ஒட்டி உட்கார்ந்தார்.

"அப்படி என்னதான் மாப்பிள்ளை கேக்கறீங்க எப்பப் பார்த்தாலும்? நானும் ஒரு காதுல கேக்கறேன்." இவர் தடுப்பதற்குள் ஒரு காதிலிருந்து உருவித் தன் காதில் மாட்டிக்கொண்டார். "ஓடலையே. பட்டனை அமுக்கலையா?" என்று சட்டைப்பைக்குள் விரலை விட்டு அவரே அமுக்கினார்.

ஒரே வயரில் கட்டுண்டு உட்கார்ந்திருந்த இரண்டு ஆண்களின் காதிலும் அவள் குரல் வந்தது. முதலில் கடையின் மின்விசிறி, பிறகு வளையல் சத்தம், எச்சில் விழுங்கும் சத்தம்.

"என்னங்க, நான்தான். அண்ணனைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. நம்ம பின்னறையில இருக்கட்டுமா? உங்களுக்குப் பிடிக்கலைன்னா சொல்லிடுங்க, நான் கோவிச்சுக்க மாட்டேன். ஒண்ணும் சொல்லலைன்னா சரின்னு எடுத்துக்கறேன்." கொஞ்சம் இடைவெளி. முடிந்துவிட்டது என்று நினைத்துக் கடைக்காரரிடம் அவள் சொன்னதும் அதில் இருந்தது. மனுஷர் எதையும் வெட்டுபவர் இல்லையே. "அண்ணன் ரொம்பப் பேசுவார்தான். பரவால்லை. வீட்டுல என்னோட பேச ஒரு ஆள் வேணும் சார். இவர் முன்னெல்லாம் நல்லாப் பேசுவார்."

மச்சான் தன் காதிலிருந்து வயரைக் கழற்றினார். மெல்ல, "நான் வேற இடம் பாத்துக்கட்டுமா மாப்பிள்ளை?" என்றார். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தார். அவர் பதிலுக்குக் காத்திருந்து ஜன்னல்காரர் பார்த்ததே இல்லை.

இந்தத் தடவை சும்மா இருந்தால் அது என்ன அர்த்தம் ஆகும் என்று அவருக்குத் தெரியும். "இருங்க மச்சான்," என்று சொல்லிவிட்டு, வயரைக் கழுத்தில் போட்டுக்கொண்டு சமையலறைக்குப் போனார்.

"நீ கேட்டதுக்குச் சரி," என்றார்.

மனைவி கரண்டியோடு திரும்பினாள். "அது எப்பவோ கேட்டது. அண்ணனே வந்தாச்சு."

"இப்பதான் கேட்டேன். இதுல நான் ஒரு நாளும் பாட்டு போட்டதில்லை. சும்மா மாட்டிக்கிட்டிருந்தேன்."

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்போ நாங்க பேசினதெல்லாம் கேட்டுச்சா?"

"கேட்டுது."

"நான் ஸ்டூல்ல நின்னுக்கிட்டுக் கூப்பிட்டது?"

பொய் சொல்ல இடம் இருந்தது. "கேட்டுது," என்றார்.

அவள் அடுப்பைத் தணித்தாள். கிட்டே வந்து அவர் கழுத்திலிருந்து சிவப்பு வயரை எடுத்து இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டு, திரும்பி நின்று கிளற ஆரம்பித்தாள். பிளேயர் அவர் சட்டைப்பையிலேயே இருந்தது. அதிலிருந்து பிடுங்கி வந்த வயரின் முனை எதிலும் மாட்டாமல் அவள் இடுப்பருகே தொங்கி, கரண்டி அசையும்போதெல்லாம் ஆடியது.

ஜன்னல்காரர் அந்த முனையைப் பார்த்தார். ஆயுசெல்லாம் ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்திருந்தவருக்கு வெளியே நிற்பவன் பாடு அப்போதுதான் தெரிந்தது.

"அன்னிக்கு நீ ரெண்டு தடவை கூப்பிட்டே," என்று ஆரம்பித்தார்.

வயரின் முனை ஆடுவது நின்றது.