பூடில் வெட்டு

அவளுடைய கைகள் இரண்டும் நாயின் காதுக்கு அடியில் இருந்தன. இடது கை சடையைத் தூக்கிப் பிடிக்க, வலது கை மழுங்கின நுனியுள்ள கத்திரியை உள்ளே நுழைத்தது. சடைக்கும் தோலுக்கும் நடுவே ஒரு விரல் போகவேண்டும். விரல் போகாத இடத்தில் கத்திரியும் போகாது. அங்கே எண்ணெய் தடவி, சீப்பின் முனையால் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்தெடுக்க வேண்டியதுதான்.

மேசைமேல் நின்றது என்ன நாய் என்று பெற்ற தாய்க்கே தெரியாது. தெரு கூட்டுகிறவர் அன்று காலையில்தான் அதைச் சாக்கில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தார். "உயிர் இருக்கு. மீதி உங்க பாடு" என்று இறக்கிவைத்துவிட்டுப் போனார். புழுதியும் முள்ளும் சேர்ந்து முடி மொத்தமும் கம்பளிபோல் இறுகிக் கிடந்தது. ஒரு கண் மட்டும் வெளியே தெரிந்தது.

தெருவில் அவளுக்கு நாய்க்காரம்மா என்று பெயர். அவளுடைய அப்பா ஆட்களுக்கு முடி வெட்டினவர். மகள் நாய்க்கு வெட்டப்போகிறாள் என்று தெரிந்ததும், "குடுத்துவச்சவ. உன் வாடிக்கைக்காரங்க யாரும் அரசியல் பேசமாட்டாங்க" என்றாராம். நாய் வளர்த்து விற்கும் ஒருவரிடம் கூண்டு கழுவப் போய், கழுவிக்கொண்டே பார்த்துப் பழகிய தொழில் இது. முடியை நம்பக்கூடாது, எலும்பைப் பார் என்பதை அவளாகத்தான் கண்டுகொண்டாள். முடி வளரும், உதிரும், ஏமாற்றும். மண்டையோடு ஏமாற்றாது. ஒரு நாயின் இனத்தை அவள் தப்பாகச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

வருகிறவர்கள் நாயைப் பற்றியே பேசுவார்கள். அதற்குப் பசிக்கவில்லை, அதற்குத் தூக்கம் வரவில்லை என்பார்கள். நீ சாப்பிட்டாயா என்று அவளை யாரும் கேட்டதில்லை. கடைக்குப் பின்னால் ஒரே அறை. அதில் கட்டில், ரேடியோ, ஒரு நாற்காலி. உட்கார வேறு யாரும் இல்லாததால் அந்த நாற்காலியில் துவைத்த துணிகள் உட்கார்ந்திருந்தன.

அன்று முகத்தையும் முதுகையும் முடித்தாள். வழக்கமாக அவள் பின்னங்காலில்தான் தொடங்குவாள். இது காலைத் தொடவே விடவில்லை. சரி, கால் கடைசியில் இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

பக்கத்து மருந்துக்கடைக்காரர் எட்டிப்பார்த்து, உள்ளே என்ன இருந்தது என்று கேட்டார். அகன்ற மண்டை. நெற்றி முடிந்து மூக்கு தொடங்கும் இடத்தில் நல்ல இறக்கம். சதுரமான வாய், தொங்கும் மேலுதடு. கண்மட்டத்தில் தொடங்கித் தாடைக்கும் கீழே தொங்கும் காது. முடியை நனைத்து இழுத்தால் நீண்டது, விட்டால் லேசாக அலைந்ததே தவிரச் சுருளவில்லை.

"காக்கர் ஸ்பானியல்" என்றாள்.

அவர் தன் கடைக்கதவில் யாரோ ஒட்டியிருந்த அறிவிப்பை நினைவுபடுத்தினார். அதில் படம் இல்லை. பழுப்பு நிறப் பூடில் காணவில்லை என்று கையால் எழுதி, கீழே போன் நம்பர் போட்டிருந்தது. இது அது இல்லை, பூடிலுக்குக் கூரிய முகம், சுருட்டை முடி என்றாள் அவள். "அப்ப இவரு உங்களுக்குத்தான்" என்று சிரித்துவிட்டுப் போனார்.

வேடிக்கையாகச் சொன்னதுதான். ஆனால் மாலையில் அவள் ஒரு கிண்ணம் வாங்கிவந்தாள். நாற்காலித் துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்தாள். தோல் புண்ணாக இருந்ததால் ஒரே மூச்சில் வெட்டமுடியாது. ஒருநாள் மார்பு, ஒருநாள் வயிறு என்று வேலை நீண்டது. அது நீண்டதில் அவளுக்கு வருத்தமில்லை. நாய் நாற்காலியில் ஏறிப் படுத்து ரேடியோ கேட்டது. தம்பி என்று கூப்பிட்டாள். அது வந்ததும் இல்லை, வராமல் இருந்ததும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அக்கா போனில் வழக்கம்போல், எப்படித்தான் தனியாக இருக்கிறாயோ என்றாள்.

"இப்ப தனியா இல்லக்கா."

"யாருடி?"

நாய் என்றதும் அக்கா பெருமூச்சு விட்டாள். "நான் ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டுட்டேன்."

புண் ஆறியபின் ஒரு காலையில் நாய் தானாகவே காலைக் கொடுத்தது. பின்னங்காலைக் கையில் எடுத்தவள் அப்படியே நின்றாள். கணுக்கால் வரைக்கும்தான் சடை. அதற்குக் கீழே, சாக்ஸ் கழற்றிய மாதிரி, ஒரே அளவில் குட்டை முடி. நடுவே நேராக ஒரு கோடு. மற்ற மூன்று கால்களையும் எடுத்துப் பார்த்தாள். மூன்றிலும் அதே கோடு.

யாரோ பாதத்தை மெஷின் வைத்து மழித்திருக்கிறார்கள். காக்கருக்குப் பாதத்தை யாரும் மழிக்கமாட்டார்கள். அங்கே முடியை வளரவிட்டு ஓரத்தை உருட்டித்தான் வெட்டுவார்கள். அப்படி மொட்டையாக மழிப்பது பூடிலுக்கு. பூடில் என்று சொல்லி யாரோ விற்றிருக்கிறார்கள், பூடில் என்று நம்பி யாரோ வளர்த்திருக்கிறார்கள். வழக்கப்படி காலில் தொடங்கியிருந்தால் முதல்நாளே தெரிந்திருக்கும்.

மெஷினை ஒருமுறை ஓட்டினால் கோடு போய்விடும், பிறகு யாருக்கும் தெரியாது. அவள் மெஷினைக் கையில் எடுத்து, திரும்ப வைத்தாள்.

மருந்துக்கடைக் கதவுக்குப் போய் அறிவிப்பை முழுதாகப் படித்தாள். வெயிலில் வெளுத்திருந்த எழுத்துகள்மேல் யாரோ புதிதாகப் பேனாவை ஓட்டியிருந்தார்கள். கடைக்காரரைக் கேட்டாள். வயசானவர் ஒருவர் அவ்வப்போது வந்து எழுதிவிட்டுப் போகிறார், ரயில் ஓட்டி ஓய்வுபெற்றவராம் என்றார். கடைசி வரியில் நாயின் பெயர் இருந்தது. சிப்பாய்.

அன்று முழுக்க அந்தப் பெயரை அவள் சொல்லவில்லை. மறுநாள் காலையில் கடையைப் பெருக்கும்போது, திரும்பிப் பார்க்காமல், துடைப்பத்திடம் சொல்வதுபோல, "சிப்பாய்" என்றாள். நாற்காலியிலிருந்து குதிக்கிற சத்தம் கேட்டது. வந்து அவள் காலை ஒட்டி நின்று, நிமிர்ந்து பார்த்தது. பிறகு அவளைத் தாண்டி, வாசலைப் பார்த்தது.

போன் செய்தாள். மாலையில் வருவதாகப் பெரியவர் சொன்னார்.

அன்று வேறு நாய் எதையும் அவள் எடுக்கவில்லை. பாதங்களை விரலிடுக்கு வரை மழித்தாள். முகத்தைச் சுத்தமாக மழித்தாள். உச்சியில் மிஞ்சியிருந்த முடியைச் சீவி உருண்டையாக வெட்டினாள். குட்டை வாலின் நுனியில் ஒரு குஞ்சம் விட்டாள். அந்த உடம்புக்கு எதுவும் பொருந்தவில்லை. காக்கரின் தலைக்கு அந்த உருண்டை, கல்யாணத்துக்கு இரவல் வாங்கிய தொப்பி மாதிரி இருந்தது. ஆனாலும் இரண்டு பக்கமும் சமமாக வரும்வரை சுற்றிச் சுற்றி வந்து வெட்டினாள். தேடுகிறவர் தேடுகிற நாய் இதுதான்.

பெரியவர் துவைத்த சட்டையோடு வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார். நாய்தான் ஓடியது. அவர் குனிய முடியாமல் குனிந்து, "எங்கடா போய்த் தொலைஞ்ச" என்று அதன் காதுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"பக்கத்து வீட்டுக்காரன் எப்பவும் கிண்டல் பண்ணுவான்மா, இது பூடிலே இல்லன்னு. நீங்க தொழில் தெரிஞ்சவங்க. சொல்லுங்க, என்ன நாயி இது?"

அவள் நாயின் மண்டையைப் பார்த்தாள். சதுர வாயைப் பார்த்தாள்.

"உங்க நாய்ங்க."

அவருக்கு அது போதுமாக இருந்தது. அவள் கழுத்துப்பட்டையை மாட்டி, ஒரு விரல் போகிறதா என்று பார்த்துக்கொண்டாள். "காதுக்குள்ள ஈரம் நிக்கும்ங்க. குளிச்சதும் மறக்காம துடைங்க. தண்ணி குடிக்கிறப்ப காது கிண்ணத்துல விழும், வாய் குறுகலான கிண்ணமா வைங்க." சொல்லிவிட்டு உள்ளே போய், தான் வாங்கிய கிண்ணத்தை எடுத்துவந்தாள். அதை அவருடைய ஒரு கையில் வைத்தாள். இன்னொரு கையில் கயிற்றைக் கொடுத்தாள்.