சங்குக்கு முன்னால் எழுந்த ஆடுகள்

எங்கள் ஊருக்கு மேற்கே சுண்ணாம்புக்கல் சுரங்கம். மத்தியானம் ஒரு மணி வாக்கில் வெடி வைப்பார்கள். முதலில் சங்கு ஊதும், அப்புறம் வெடி. தரை ஒரு குலுக்குக் குலுக்கும். என்னிடம் இருப்பது பதினொரு வெள்ளாடு. அதில் கறுப்பு ஆடு இரண்டு தடவை சினையாகி, இரண்டு தடவையும் மாதம் நிறையாமலே குட்டி வீசிவிட்டது. இப்போது மூன்றாவது சினை. இதுவும் போனால் அரியலூர் கறிக்கடைதான் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார்.

வெடிக்கு ஆடுகள் மிரள்கின்றனவா என்று பார்க்க, கால்நடைக் கல்லூரியில் படிக்கிற பெண் ஒருவர் வந்தார். நான் ஏழாவதோடு நின்றவள். என் கையில் ஒரு தாளைக் கொடுத்து, பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் எது படுத்திருக்கிறது, எது நிற்கிறது, எது அசைபோடுகிறது என்று கோடு போடச் சொன்னார்.

"ஆட்டுக்கு அட்டெண்டன்ஸ் எடுக்கிறீங்களாமே அண்ணி? இன்னிக்கு எது லீவு?" என்றான் கொழுந்தன்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோடு போடப் போட ஒன்று தெரிந்தது. சங்கு ஊதுவதற்கு முன்னாலேயே பதினொன்றும் எழுந்துவிடுகின்றன. அசைபோடுகிற வாயெல்லாம் ஒன்றாக நிற்கிறது. பட்டி முழுக்கச் சத்தமே இல்லை. அப்புறம்தான் சங்கு.

அந்தப் பெண்ணிடம் சொன்னேன். இரண்டு நாள் வந்து பார்த்தார். மூன்றாம் நாள் சுரங்கத்தில் வெடி கிடையாது. அவருக்குத் தெரியும், என்னிடம் சொல்லவில்லை. அன்றைக்கும் பதினொன்றும் எழுந்தன. வாய் நின்றது. சங்கு மட்டும் ஊதவே இல்லை.

"அக்கா," என்றார் மெதுவாக. "அதுங்க சுரங்கத்துப் பக்கம் பாக்கல. உங்களப் பாக்குது."

திரும்பினேன். அத்தனை மஞ்சள் கண்ணும் என் மேல்தான் இருந்தது. ஒன்றுகூட இமைக்கவில்லை.

"மூச்ச விடுங்கக்கா."

அப்போதுதான் உறைத்தது. வெடிக்குப் பயந்து, பட்டி ஓரத்துப் பூவரச மரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மூச்சை அடக்கி நின்றிருக்கிறேன். விட்டேன். கறுப்பு ஆட்டின் தாடை அசைய ஆரம்பித்தது.

"அப்ப அந்தக் குட்டிங்க போனது?"

"அதுக்கு எத்தனையோ காரணம் இருக்கும். உங்க மேல போட்டுக்காதீங்க."

போட்டுக்கொள்ளாமல் எப்படி இருப்பது?

மறுநாள் அந்த நேரத்துக்கு என்னைப் பஸ் ஸ்டாப்புக்கு அனுப்பிவிட்டு, அவரே பட்டியில் உட்கார்ந்தார். சங்கு கேட்டது, வெடி கேட்டது. நான் பட்டிக்குத் திரும்பியதும், "எழுந்துக்கவே இல்லக்கா. காத மட்டும் ஆட்டுச்சு," என்றார். தாளை என்னிடம் நீட்டி, "ஆனா எல்லாம் ரோட்டுப் பக்கம் தலையத் திருப்பிட்டுப் படுத்திருந்துச்சு. நீங்க போன பக்கம்," என்றார்.

கறுப்பு ஆடு ஐப்பசியில் இரண்டு குட்டி போட்டது. இரண்டும் துள்ளிக்கொண்டிருக்கின்றன. கறிக்கடைப் பேச்சை வீட்டுக்காரர் எடுப்பதில்லை. நானும் தினம் சோற்றைத் தின்றதும் பஸ் ஸ்டாப்புக்குப் போய்விடுகிறேன்.

நேற்று அங்கே உட்கார்ந்திருந்தேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் யாரோ ஒரு ஆட்டைக் கட்டியிருந்தார்கள். நான் பார்த்தே இராத ஆடு. தழையைத் தின்றுகொண்டிருந்தது சட்டென்று நிறுத்தியது. தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது. நான் மூச்சைப் பிடித்திருந்தேன்.

அதற்கப்புறம்தான் சங்கு ஊதியது.