சித்திக்கு நாங்கள் தேர்ந்தெடுத்த மலை

அமெரிக்காவில், அரிசோனா என்ற பாலைவனப் பக்கத்தில், எந்த மலையில் கூடாரம் அடிப்பது என்பது திருகோணமலை அன்புவழிபுரத்தில் எங்கள் வீட்டுக் குசினிக்குள் தீர்மானிக்கப்பட்டது. எல்லோரும் கூடித் தீர்மானித்தோம் என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். தீர்மானித்தது நான். அப்போது எனக்குப் பத்து வயது. மலை என்று நான் ஏறியிருந்தது கோணேசர் கோயில் மலை ஒன்றைத்தான், அதிலும் பாதித் தூரம் அப்பாவின் மோட்டார் சைக்கிளில்.

என் சித்தி, அதாவது அம்மாவின் ஒரே தங்கை, கலியாணம் முடித்து அங்கே போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. சித்தப்பா இரண்டு வயதிலேயே பெற்றோரோடு வெளிநாடு போய் அங்கேயே வளர்ந்தவர். நல்ல மனிதர். தமிழ் பேசுவார், ஆனால் ஒவ்வொரு சொல்லையும் முதலில் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் வெளியே விடுவார். அவர்களுடைய ஊரில் கோடை வந்தால் காலையில் வாசலில் கழற்றி வைத்த செருப்பு மத்தியானம் வளைந்து கிடக்குமாம். வெயில் தாங்க முடியாதவர்கள் சனி ஞாயிறில் குளிர்ந்த மலைகளுக்குப் போய், பைன் மரங்களுக்கு அடியில் கூடாரம் அடித்து, விறகில் சமைத்து, நிலத்தில் படுத்து எழும்பி வருவார்களாம். சித்தப்பாவுக்கு அது உயிர். சித்தி இரண்டு தடவை மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

மூன்றாவது தடவை சித்தப்பா ஒரு வழி செய்தார். மூன்று இடங்களின் விபரத்தைக் கையில் கொடுத்து, நீயே ஒன்றைத் தெரிவு செய், நீ சொல்கிற இடத்துக்குப் போவோம், பிடிக்காவிட்டால் இனிமேல் கேட்கவே மாட்டேன் என்றாராம். சித்தி அந்த மூன்றையும் அப்படியே அம்மாவின் போனுக்கு அனுப்பிவிட்டார்.

"வீடு வாசல் இருக்கிற சனம் வலியப் போய் நிலத்தில படுக்குதுகளாம்," என்றார் அம்மா. அவருக்கு அது கடைசிவரை விளங்கவில்லை.

அன்றிரவு அம்மாவும் சித்தியும் போனில் கதைத்ததில் கொஞ்சம் என் காதிலும் விழுந்தது.

"அவருக்குச் சொன்னனியே?"

"இல்லை அக்கா. எப்பிடிச் சொல்லுறது?"

"சொல்லாட்டி அந்தப் பிள்ளைக்கு என்னெண்டு விளங்கும்? தன்னோட வர விருப்பமில்லை எண்டுதான் நினைக்கும். இந்த முறையும் மாட்டன் எண்டு நிக்காத. போ. நல்ல இடமாப் பாத்துச் சொல்லுறன்."

சித்திக்குக் கரடிப் பயம் என்று நான் விளங்கிக்கொண்டேன். அந்த மலைகளில் கரடி உண்டு. சாப்பாட்டை இரவில் இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்ட வேண்டும் என்று அதில் எழுதியிருந்ததை நான்தான் வாசித்தேன். பெரிய மனிசி கரடிக்குப் பயப்படுவதைக் கணவனிடம் சொல்ல வெட்கப்படுகிறார் என்று எனக்குச் சிரிப்பும் வந்தது.

வாசிக்கிற வேலை எனக்கு வந்ததற்குக் காரணம், வீட்டில் இங்கிலீசு ரியூசனுக்குப் போகிற ஒரே ஆள் நான். அம்மாவின் இங்கிலீசு மருந்துப் போத்தலோடு நின்றுவிடும். அப்பா துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை செய்தவர். கயிறு, நங்கூரம், இடது, வலது, நிறுத்து என்ற அளவில் அவருடைய இங்கிலீசு மிகவும் சுத்தமானது, ஆனால் மலைக்கு உதவாது. ஆகவே ஒரு கிழமை முழுவதும் பின்னேரங்களில் குசினிக் கதிரையில் நான் போனோடு உட்கார்ந்திருக்க, அம்மா தேங்காய் துருவிக்கொண்டே கேள்வி கேட்பார். அந்தக் கிழமையில் எனக்குத் தேநீர் கேட்காமலே வந்தது. பாத்திரம் கழுவச் சொல்லி ஒருவரும் கூப்பிடவில்லை. அதிகாரம் என்பது எவ்வளவு சுகமானது என்பதை நான் கண்டுகொண்ட கிழமை அது.

முதலாவது இடம் காய்ந்த ஆறு ஒன்றின் ஓரத்தில் இருந்தது. வெள்ளை மணலும் நிழலுமாகப் படத்தில் வடிவாகத்தான் இருந்தது. அம்மா துருவலிலிருந்து நிமிர்ந்துகூடப் பார்க்காமல் தள்ளிவிட்டார்.

"மழை பெய்தால் முதல் வெள்ளம் அங்கதான் வரும். நிலம் நனைஞ்சால் விடிய விடியக் குந்திக்கொண்டுதான் இருக்க வேணும். அது வேண்டாம்."

"பாலைவனமெல்லோ அம்மா. மழை பெய்யாது."

"பெய்யுமோ எண்டு வாசி."

வாசித்தேன். கோடையில் பின்னேரங்களில் திடீர் மழை வரும், காய்ந்த ஆறுகளில் வெள்ளம் பாயும் என்று எழுதியிருந்தது. அம்மாவுக்கு இதெல்லாம் எங்கிருந்து தெரியும் என்று நான் வாயைப் பிளந்தேன்.

இரண்டாவது இடம் மலை உச்சியில். அதற்கு அப்பா ஆதரவு. அங்கிருந்து பார்த்தால் நாலு பக்கமும் தெரியும், கப்பல் வந்தால்கூடத் தெரியும் என்றார். அந்த மலையிலிருந்து கடலுக்கு ஒரு நாள் பயணம் என்று நான் சொன்ன பிறகும் அவர் தன் வாக்கை மாற்றவில்லை. ஆனால் அங்கே தண்ணீர் இல்லை, கொண்டுபோக வேண்டும். "தண்ணி இல்லாத இடத்தில மனிசர் இருக்க ஏலாது," என்று அம்மா ஒரே வரியில் முடித்தார்.

மூன்றாவது ஏரிக்கரை. எனக்கு முதல் நாளே அதுதான். ஏரியில் சிவப்பு நிறத்தில் சின்னச் சின்ன வள்ளங்கள் விட்டிருந்தார்கள். தண்ணீரில் பைன் மரங்கள் தலைகீழாகத் தெரிந்தன. அங்கே போனால் வள்ளத்தில் இருந்தபடி வீடியோ கோல் எடுத்துக் காட்டுவதாகச் சித்தி எனக்குச் சொல்லியிருந்தார். நான் அதை வகுப்பில் நாலு பேருக்குச் சொல்லியும்விட்டேன்.

"திருகோணமலையில இருந்துகொண்டு வள்ளம் பாக்க அமெரிக்காவுக்கு ஆள் அனுப்புறாய்," என்றார் அப்பா. "உனக்குக் காட்ட இஞ்ச வள்ளம் இல்லையோ?"

இருந்தது. எங்களிடம் இருந்தவற்றில் மீன் நாற்றமும் இருந்தது. சிவப்பு வள்ளம் வேறு.

அந்த இடத்தின் வரைபடத்தில் ஒவ்வொரு கூடாரத்துக்கும் ஓர் இலக்கம் போட்டிருந்தார்கள். அம்மா கையைக் கழுவிக்கொண்டு வந்து என் தோளோடு நின்று பார்த்தார். பிறகு வந்த கேள்விகளை நான் இன்றும் வரிசையாகச் சொல்லுவேன். குழாய் எத்தனை இருக்கு? எல்லாருக்கும் ஒரு குழாயோ? கக்கூசு எவ்வளவு தூரம்? "பக்கத்திலயும் வேண்டாம், தூரத்திலயும் வேண்டாம். கூப்பிட்டால் கேக்கிற தூரம். ராவில பொம்பிளையள் போறதெண்டால் வழியில வெளிச்சம் இருக்கோ பார். கடைசி வரிசை வேண்டாம். மேட்டிலயோ பள்ளத்திலயோ? தண்ணி எந்தப் பக்கம் ஓடும்?" நான் படங்களைப் பெருப்பித்துப் பெருப்பித்துப் பதில் சொன்னேன். கடைசியில் பதினேழாம் இலக்கத்தில் வந்து நின்றோம். அம்மாவுக்கு அதில் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியவில்லை. எனக்கு வள்ளம் கண்ணுக்குள் வந்துவிட்டது.

"கடைசியா ஒண்டு," என்றார் அம்மா. "ராவில கேற் பூட்டுவினமோ?"

பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் இருந்தது. இரவு பத்து மணிக்கு வாசல் கேற் பூட்டப்படும், காலை ஆறு மணிக்குத் திறக்கப்படும். நான் அதை இரண்டு தடவை வாசித்தேன்.

"ஏன் அம்மா? பூட்டினால் நல்லதெல்லோ?"

"பூட்டினால் வேண்டாம். வேற பாப்பம்."

என் பக்க நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டுக் கேற்றை அப்பா ஒன்பது மணிக்கெல்லாம் பூட்டுவார். கள்ளன், கட்டாக்காலி மாடு, நாய் எல்லாவற்றுக்கும் அதுதான் பாதுகாப்பு. கரடி இருக்கிற இடத்தில் பூட்டாமல் விட்டால்தானே பயம்? ஆனால் அம்மா கேற் விசயத்தில் கொஞ்சம் பிழையான ஆள் என்பது எனக்கு முன்பே தெரியும். பூட்டின திறப்பை, அதாவது சாவியை, அப்பா உள்ளே கொண்டுபோக அவர் விடவே மாட்டார். அது கேற்றுக்குப் பக்கத்து மதிலில், உட்புறம், ஓர் ஆணியில் தொங்க வேண்டும். "கள்ளனுக்குத் திறப்பை நாங்களே தூக்கிக் குடுக்கிறம்," என்று அப்பா எத்தனையோ தரம் கத்தியிருக்கிறார். இப்படிப்பட்ட ஒருவருடைய கேற்றுக் கொள்கைக்காக ஓர் ஏரியை இழப்பதா?

"இல்லை அம்மா," என்றேன். "பூட்டமாட்டினமாம்."

"வடிவாப் பாத்தியோ?"

"ஓம். பாத்தனான்."

அம்மா உடனேயே சித்திக்குக் கோல் எடுத்தார். "பதினேழு. ஏரிக்கரை. பிள்ளை எல்லாம் வாசிச்சுப் பாத்திட்டாள். கேற் பூட்டமாட்டினமாம். பயப்பிடாமப் போட்டு வா," என்று சொன்னார். சித்தி அந்தப் பக்கம் மூச்சுவிட்டது எனக்கும் கேட்டது. நான் கேட்காமலே எனக்குச் சாப்பிட ஒரு பணிஸ் கிடைத்தது.

அவர்கள் அந்த வெள்ளிக்கிழமை போனார்கள். அங்கே வெள்ளி இரவு என்றால் இங்கே சனி காலை. சல்லி என்ற பக்கத்துக் கிராமத்திலிருந்து சைக்கிளில் வருகிற மீன்காரர் சூடை மீன் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அம்மா கிணற்றடியில் இருந்து செதில் உரசிக்கொண்டிருந்தார். பத்தரை கடந்து போன் அடித்தது. அங்கத்தைய இருட்டில் வள்ளம் எப்படித் தெரியும் என்று யோசித்துக்கொண்டே ஓடிப்போய் எடுத்தேன்.

திரையில் வள்ளம் இல்லை. டோர்ச் வெளிச்சத்தில் ஒரு பாதை, அதற்குக் குறுக்கே கேற்றாகப் போட்ட ஓர் இரும்புக் குழாய், குழாயைப் பிடித்தபடி ஒரு கை. சித்தியின் முகம் பிறகுதான் வந்தது. அழுதழுது முகம் சின்னப் பிள்ளையின் முகமாக ஆகியிருந்தது.

"அக்காவிட்டக் குடு," என்றார். "அக்காவிட்டக் குடு. அக்காவிட்டக் குடு."

செதில் கையோடு அம்மா போனை வாங்கினார்.

"சங்கிலிச் சத்தம் கேட்டுது அக்கா. கூடாரத்துக்க படுத்திருந்தனான். ஓடி வந்து பாத்தால் பூட்டிப்போட்டாங்கள். பூட்டிப்போட்டாங்கள் அக்கா."

அம்மா என்னைப் பார்த்தார். ஒரு கணம்தான். அடி விழும் என்று நான் ஒரு பக்கமாகச் சரிந்தேன். விழவில்லை.

"அழாத. நான் சொல்லுறதைக் கேள். கேற்றுக்குப் பக்கத்தில கம்பி அடிச்சிருக்கோ? முள்ளுக்கம்பி?"

"இல்லை."

"என்ன இருக்கு?"

"செடிப் பத்தை. கல்லு."

"அப்ப பத்தைக்குள்ளால சுத்தி அங்கால போ. போய் றோட்டில நிண்டு எனக்குக் காட்டு."

படம் ஆடியது. சித்தப்பாவின் குரல் பின்னால் ஏதோ கேட்டது. பிறகு அதே இரும்புக் குழாய் மறுபக்கத்திலிருந்து தெரிந்தது.

"நிக்கிறியோ? வெளியிலயோ நிக்கிறாய்?"

"ஓம் அக்கா."

"ஆராவது மறிச்சவையோ?"

"இல்லை."

"இப்ப திரும்பி உள்ள வா."

சித்தி உள்ளே வந்தார். இன்னொருக்கால் போ என்றார் அம்மா. போனார். வா என்றார். வந்தார். இப்படி நாலு தரமோ ஐந்து தரமோ நடந்தது. தன் தங்கையை ஒரு குழாயைச் சுற்றி வரச் சொல்லி வேலை வாங்கிக்கொண்டிருந்த அம்மாவை நான் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றேன். பயம் தெளிந்ததால் எனக்குச் சிரிப்பு முட்டியது. சிரித்தும்விட்டேன் என்று நினைக்கிறேன். கிணற்றடியில் காகம் இரண்டு மீனைத் தூக்கிக்கொண்டு போனது. அம்மா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இப்ப போனை அவரிட்டக் குடு," என்றார் கடைசியில். "நீ சொல்லமாட்டாய். நான் சொல்லுறன்." போனோடு எழும்பி முருங்கைமரம் வரை நடந்து போய், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று வெகுநேரம் கதைத்தார்.

பின்னேரம் சித்தப்பா ஒரு படம் அனுப்பியிருந்தார். கூடாரத்தை அப்படியே விட்டுவிட்டு, கேற்றுக்கு வெளியே, றோட்டோரத்தில், இரண்டு மடக்குக் கதிரை போட்டு, போர்வையைச் சுற்றிக்கொண்டு விடியும்வரை இருவரும் இருந்திருக்கிறார்கள். பின்னால் சூரியன் எழும்புகிறது. இவ்வளவு நல்ல ஏரியை விட்டுவிட்டு, நான் பொறுக்கிக் கொடுத்த பதினேழாம் இலக்கத்தையும் விட்டுவிட்டு, றோட்டில் போய்க் குந்தியிருந்தார்களே என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது. சிவப்பு வள்ளம் காட்டப்படவேயில்லை. வகுப்பில் எனக்கு மானம் போயிற்று.

இரவு சோறு போடும்போது அம்மா ஒன்றே ஒன்று கேட்டார். "அந்தப் பக்கத்தில கேற்றைப் பற்றி எழுதியிருக்கேல்லையோ?"

"நான் காணேல்லை," என்றேன்.

அம்மா தலையாட்டினார். மீன் பொரியலில் எனக்கு வழக்கமான பங்குதான் வந்தது.

ஆறேழு வருடம் கழித்துச் சித்தி கைக்குழந்தையோடு ஊருக்கு வந்திருந்தபோதுதான் எனக்கு விசயம் சொன்னார், அரிசி புடைக்கிறவர்களைப் போலச் சாதாரணமாக. நான் பிறக்க முன்பு, சண்டைக் காலத்தில், அவர்கள் தங்கள் ஊரான இலங்கைத்துறையிலிருந்து இடம்பெயர்ந்து எட்டு மாதம் ஒரு வெட்டவெளி முகாமில் கூடாரத்தில் இருந்தார்கள். சுற்றிவர முள்ளுக்கம்பி. ஒரு கேற். பொழுது பட்டால் பூட்டு, விடிந்தால் திறப்பு. எங்கள் வீட்டில் மாலை போட்டு மாட்டியிருக்கிற படத்தில் இருக்கிற அம்மப்பா, அம்மாவின் அப்பா, நெஞ்சுவலியில் செத்தவர் என்று எனக்குத் தெரியும். வலி வந்தது கேற் பூட்டின பிறகு என்பது தெரியாது. அம்மா அவரை மடியில் வைத்துக்கொண்டு, வேகமாக ஓடக்கூடியவள் என்று பதின்மூன்று வயதுத் தங்கையைக் கேற்றுக்கு அனுப்பியிருக்கிறார். சித்தி கேற்றுக் குழாயைப் பிடித்துக்கொண்டு விடியும்வரை கூப்பிட்டிருக்கிறார். திறப்பு வைத்திருந்தவர் வரவில்லை. காலையில் நேரத்துக்குத் திறந்தார்கள்.

நான் பொய் சொன்னதை அன்றைக்கும் சொல்லவில்லை. சித்தி குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். நான் எழும்பிக் கேற்றடிக்குப் போனேன். திறப்பு வழக்கம்போல மதிலில் தொங்கியது. ஆணி என் இடுப்புக்குக் கொஞ்சம் மேலேதான் இருந்தது. அப்பா சுவரில் அடிக்கிற ஆணியெல்லாம் அவருடைய உயரத்துக்கு இருக்கும். அது மட்டும் அம்மா அடித்தது. எனக்கு நடக்கத் தெரிந்த நாளிலிருந்து என் கைக்கு எட்டுகிற இடத்தில் அது இருந்திருக்கிறது, ஏன் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.