பிழை வந்தால் தாண்டிப் போ

ஏழுமலை ஒரு பிடி குருணைகூடத் திருடவில்லை. அது எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும். தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை.

இதைச் சொல்ல எனக்கு இத்தனை வருடங்கள் ஆகியிருக்கின்றன. இப்போது சொல்லி யாருக்கும் ஒரு பயனும் இல்லை... ஆனாலும் சொல்கிறேன். நீங்கள் என்னை மன்னிக்க வேண்டாம். கடைசிவரை கேட்டால் போதும்.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள் அவை. லாஸ்பேட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்த கணினிப் பயிற்சி நிலையத்தில் நான் ஆசிரியர். ஆசிரியர் என்றால்... நான் படித்தது கணிதம்! விஷுவல் பேசிக்கை என் மாணவர்களைவிட ஒரு பாடம் முன்னால் நின்றுகொண்டு நானே கற்றுக்கொண்டேன். காலையில் படித்ததை மாலையில் நடத்துவேன். யாராவது அதற்கு மேல் கேட்டுவிட்டால், "அது அடுத்த வாரம் வருது, அவசரப்படாதீங்க" என்று அதட்டுவேன். அந்த அதட்டலுக்கு நல்ல மரியாதை இருந்தது.

புதிதாக நிரல் எழுதுகிறவர்களுக்கு வரும் தொல்லைகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். வலைப்பக்கத்தை எழுதுவார்கள், அதை சர்வர் வழியாகத் திறக்காமல் கோப்பின் மேலேயே இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, "சார், ஒண்ணுமே வரல" என்று நிற்பார்கள். இங்கே ஓடிய நிரல் வீட்டில் ஓடாது. அது ஓடத் தேவையான துணைக் கோப்பு ஒன்றை எடுத்துப் போயிருக்க மாட்டார்கள். இவையெல்லாம் எனக்குப் பழகிய வியாதிகள். எட்டிப் பார்த்தே சொல்லிவிடுவேன்.

பழகாத வியாதி வந்தால்?

அதற்கும் ஒரு மருந்து வைத்திருந்தேன். ஒரே ஒரு வரி. ஆன் எரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட். பிழை வந்தால் நின்று சொல்லாதே, தாண்டி அடுத்த வரிக்குப் போ என்று கணினிக்கு இடும் கட்டளை. நிரலின் தலையில் அதை எழுதிவிட்டால், திரையில் குதித்து மிரட்டிய பிழைச் செய்தி மறுபடி வராது. பிழை போயிருக்காது. அதைச் சொல்லும் வாயைத்தான் அடைத்திருப்போம். எனக்குக் காரணம் புரியாத இடங்களிலெல்லாம் அந்த வரியைப் போட்டேன். சார் கை வைத்தால் ஓடிவிடும் என்று பெயர் வாங்கினேன்!

அந்தப் பெயரை நம்பிய மாணவிகளில் ஒருத்தி அமலி.

பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பம். பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவள். அண்ணன்கள் பிரான்ஸுக்குப் போய்விட, அம்மாவுக்காக அவள் மட்டும் இங்கேயே தங்கியிருந்தாள். பேச்சு தடுமாறும்போதெல்லாம் நடுவில் 'அப்படின்னா' என்பதற்கு ஒரு பிரெஞ்சு 'அலோர்' வந்து விழும். மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் பிளாஸ்டிக் வாளி செய்யும் ஒரு சிறு ஆலையில் அவளுக்கு வேலை கிடைத்தபோது, எங்கள் நிலையத்தின் முதலாளி அவள் படத்தை அச்சடித்து மாடிப்படி ஓரத்தில் ஒட்டினார். படத்தின் கீழே பயிற்சியாளர் என்று என் பெயரும் இருந்தது. ஏறும்போதும் இறங்கும்போதும் நான் அதைப் பார்க்கத் தவறியதில்லை.

கிடங்குக் கணக்குக்கு ஒரு நிரல் எழுதும்படி ஆலை முதலாளி அவளிடம் சொன்னார். வாளி செய்யும் பிளாஸ்டிக் குருணை எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது, மீதி என்ன... அவ்வளவுதான். கிடங்கில் கணினி இல்லை. அவளுடைய மாமா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஊர் வழக்கில் சொல்தா. அவர் பாரீசிலிருந்து கொண்டுவந்த பழைய கணினி வீட்டில் சும்மா கிடந்தது. அதைக் கொண்டுபோய்க் கிடங்கில் வைத்தாள். சும்மா வந்த கணினி யாருக்குக் கசக்கும்? முதலாளிக்கு ஏகப்பட்ட மகிழ்ச்சி.

ஒரு நாள் வகுப்பின் நடுவில் அவளிடமிருந்து தொலைபேசி வந்தது.

"சார், சேவ் பண்ணும்போது ஒரு எரர் வருது. சில நேரம் சேவ் ஆவுது, சில நேரம் ஆவல. பிரெஞ்சுல வருது சார்... நாம குடுக்கற மதிப்பும் கட்டமும் எண்ணிக்கையில ஒத்துப் போவலயாம். அலோர், என்னா சார் பண்றது?"

எந்த நேரம் சேமிக்கிறது, எந்த நேரம் சேமிக்கவில்லை? இந்த ஒரு கேள்வியை நான் கேட்டிருக்க வேண்டும். ஸ்கூட்டரை எடுத்தால் மேட்டுப்பாளையம் என்ன அவ்வளவு தூரமா! ஆனால் நேரில் போய், எனக்கும் புரியவில்லை என்றால்... மாடிப்படியில் ஒட்டிய பெயர் என்னாகும்?

"மேல அந்த வரியப் போடும்மா, சரியாயிடும்" என்றேன்.

போட்டாள். சரியாகிவிட்டது. அன்று மாலையே நன்றி சொல்ல மறுபடியும் கூப்பிட்டாள்.

சில மாதங்களில் கிடங்கில் குருணை குறைய ஆரம்பித்தது. கணினி ஒரு மீதியைக் காட்டும். எடை போட்டுப் பார்த்தால் அவ்வளவு இருக்காது. ஒவ்வொரு மாதமும் குறைந்தது. கிடங்கின் சாவி ஏழுமலை கையில் இருந்தது. முதலியார்பேட்டையிலிருந்து சைக்கிளில் வருகிற, ஆலை தொடங்கிய நாள் முதல் அங்கேயே இருக்கிற மனிதர். வேறு யாரைக் கேட்பார்கள்?

அமலி தன் நிரலை ஒரு சிடியில் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். அவள் முகம் நன்றாக இல்லை.

"சார், நீங்க ஒருவாட்டி பாத்துடுங்க சார். அந்தாளு அழுவுறாரு. 'எட போட்டுத்தாம்மா குடுத்தேன், எம் புள்ளைங்க மேல சத்தியம்'ங்கறாரு. எம் புரோகிராம்ல எதனா தப்பிருந்தா பாவம் சார்..."

பாருங்கள், அவளுக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. நேற்றுப் படித்து முடித்த பெண்ணுக்கு!

எங்கள் நிலையத்துக் கணினியில் போட்டு ஓட்டிப் பார்த்தேன். நூறு கிலோ வரவு. பன்னிரண்டரை கிலோ செலவு. மீதி சரியாக வந்தது. வேறு வேறு எண்களைக் கொடுத்தேன். எல்லாம் சரி. நிரலைத் திறந்தும் பார்த்தேன். தலையில் அந்த வரி இருந்தது. என் கண் அதன் மேல் நின்றது... ஆமாம், நின்றது! நான் சொல்லிக்கொடுத்ததை மறக்காமல் போட்டிருக்கிறாளே என்று ஒரு பெருமைகூட வந்தது.

"புரோகிராம்ல ஒரு தப்பும் இல்லம்மா. ஆளத்தான் பாக்கணும்."

இந்தச் சொற்களை நான்தான் சொன்னேன். சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கக் கீழே இறங்கிப் போனேன். எங்க சாரே பார்த்துவிட்டார் என்று அவள் முதலாளியிடம் போய்ச் சொல்லியிருக்கிறாள். அடுத்த நாள் ஏழுமலையிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டு வெளியே அனுப்பிவிட்டார்கள். போலீசுக்குப் போகாமல் விட்டதே பெரிய தயவு என்று பேசிக்கொண்டார்களாம்.

அந்த வாரமே ஒரு நாள், கிடங்குக் கணினி மெதுவாக ஓடுகிறது, வந்து பார்க்க முடியுமா என்று அமலி கேட்டாள். போனேன். அந்தக் கணினியை அன்றுதான் முதன்முதலில் பார்க்கிறேன். விசைப்பலகையில் எழுத்துகள் இடம் மாறி இருந்தன. திரையெல்லாம் பிரெஞ்சு. அவள் என் எதிரிலேயே ஒரு பதிவைத் தட்டினாள். பன்னிரண்டு, ஒரு காற்புள்ளி, ஐந்து.

"என்னம்மா, புள்ளி வைக்காம கமா போடுற?"

"பன்னெண்டரை சார். டூஸ் விர்குல் சேங்க். எங்க ஸ்கூல்ல அப்படித்தான் எழுதுவோம். இந்த மெஷினும் அப்படித்தான் சார் எடுத்துக்குது." சிரித்துக்கொண்டே, எனக்குத் தேநீர் சொல்ல எழுந்து போனாள்.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து நிரலைத் திறந்தேன்.

தலையில் இருந்த அந்த வரியை நீக்கிவிட்டு ஓட்டினேன். இருபத்தைந்து என்று கொடுத்தேன், சேமித்தது. பன்னிரண்டு காற்புள்ளி ஐந்து என்று கொடுத்தேன். பிழைச் செய்தி திரையில் குதித்தது! அன்று தொலைபேசியில் அவள் சொன்ன அதே செய்தியாகத்தான் இருக்க வேண்டும்.

உங்களுக்கும் புரியும்படி சொல்கிறேன். கணக்கு சேமிக்கப்படும் இடத்துக்குக் காற்புள்ளி என்றால் ஓர் எண் முடிந்து இன்னோர் எண் தொடங்குகிறது என்று பொருள். பன்னிரண்டரையைப் பன்னிரண்டு, ஐந்து என்று இரண்டு எண்களாக அது படித்தது. கேட்டதற்கு மேல் ஓர் எண் வந்ததால் அந்தப் பதிவையே ஏற்க மறுத்தது. மறுத்ததை அது சொல்லவும் சொன்னது. ஆனால் அதன் வாயை நான் அடைத்துவிட்டேனே! நிரல் அடுத்த வரிக்குத் தாண்டிப் போனது. அடுத்த வரியில் என்ன இருந்தது தெரியுமா? 'சேமிக்கப்பட்டது' என்ற செய்தி.

குருணை மூட்டை மூட்டையாக வரும். மூட்டை இருபத்தைந்து கிலோ. முழு எண். அது ஏறிவிடும். கிடங்கிலிருந்து எந்திரங்களுக்கு எடை போட்டுக் கொடுக்கும்போது அரையும் காலுமாகத்தான் போகும். அது ஏறாது. வரவு எல்லாம் கணக்கில் இருந்தது, செலவில் பாதி இல்லை. ஏழுமலை நியாயமாக எடை போட்டுக் கொடுத்த ஒவ்வொரு அரைக் கிலோவும் அவர் திருடியதாக மாறிவிட்டது.

எங்கள் நிலையத்துக் கணினியில் ஏன் சரியாக ஓடியது? அது இங்கிலீஷ் கணினி. நான் புள்ளி வைத்தேன். அவ்வளவுதான்!

அமலி தேநீரோடு வந்தாள். "என்னா சார், சரியாயிடுச்சா?"

அந்த நொடி... அந்த நொடியை நான் எத்தனை முறை திரும்ப வாழ்ந்திருக்கிறேன்! முதலாளி பக்கத்து அறையில்தான் இருந்தார். எழுந்து நாலு அடி நடந்தால் போதும்.

"ம்... சின்னதா ஒண்ணு மாத்தியிருக்கேன். இனிமே தொந்தரவு இருக்காது" என்றேன்.

காற்புள்ளியைப் புள்ளியாக மாற்றும் ஒரு வரியைச் சேர்த்திருந்தேன். சரியான வரி. என் வாழ்க்கையில் நான் எழுதிய மிகச் சரியான வரி அதுவாகத்தான் இருக்கும்.

பழைய கணக்கை மூடிவிட்டுக் கையிருப்பை எடை போட்டுப் புதிதாகத் தொடங்கினார்கள். சில மாதம் கழித்து அமலி எங்கள் நிலையத்துக்கு வந்தாள். முகம் தெளிந்திருந்தது.

"சார்! அவரு போனப்புறம் கணக்கு கொஞ்சங்கூட பிசகாம நிக்குது சார். 'பாத்தியா, ஆளு போனான், திருட்டும் போச்சு'ன்னு மொதலாளி சொல்றாரு. எனக்குத்தான் சார் மனசு கேக்காமயே இருந்துச்சு. இப்பத்தான் நிம்மதியா இருக்குது."

புரிகிறதா உங்களுக்கு? நான் பிழையைத் திருத்தியதே ஏழுமலைக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. அதுவரை அவர் மேல் சந்தேகம் மட்டும்தான் இருந்தது. அதை உறுதியாக்கியவன் நான்.

ஏன் அப்போதும் சொல்லவில்லை? அமலியின் வேலை போய்விடும், பாவம் அந்தப் பெண் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நல்ல காரணம், இல்லையா? பொய்! அமலி உண்மையைத் தாங்கியிருப்பாள். சிடியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தவள் அவள். எனக்குத்தான் பயம். இந்த சாருக்கு ஒன்றும் தெரியாது என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற பயம். ஒரு மனிதனின் பெயரை அதற்காகவா விலையாகக் கொடுத்தேன்? ஆமாம். அதற்காகத்தான்.

பிறகு அமலியும் பிரான்ஸுக்குப் போய்விட்டாள். இனி சொன்னாலும் அவள் வேலைக்கு ஆபத்தில்லை. சாக்கு ஒன்றும் மிச்சமில்லாமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை விசாரித்துக்கொண்டு முதலியார்பேட்டைக்குப் போனேன். சொல்லிவிடத்தான் போனேன். இதை நீங்கள் நம்ப வேண்டும்.

ஏழுமலை வாசலில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். ஒரு கல்யாண மண்டபத்தில் பாத்திரம் எடுத்து வைக்கும் வேலை என்றார். பாத்திர அறையின் சாவி மட்டும் வேறு ஒருவரிடம் இருக்குமாம். அமலிக்குக் கணினி சொல்லிக்கொடுத்தவன் என்று என்னை அறிமுகப்படுத்திக்கொண்டேன். பதறிப்போய் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அவர் மனைவி கலர் வாங்கிவந்து கொடுத்தார். நான் பேச்சை எப்படித் தொடங்குவது என்று தவித்துக்கொண்டிருந்தபோது அவரே கேட்டார்.

"சார், நீங்க படிச்சவரு. ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனச்சிக்காதீங்க. கம்ப்யூட்டரு தப்பு பண்ணுமா சார்?"

கடவுளே! இதைவிட வழி எப்படித் திறக்கும்? கதவைத் திறந்து, உள்ளே வா என்று கூப்பிட்டதுபோலக் கேட்டார்.

"பண்ணாது..." என்றேன். "நாம குடுக்கறதத்தான் அது காட்டும்..." அதற்கு மேல் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். கலரை எடுத்து ஒரு வாய் குடித்தேன்.

அவர் தலையை ஆட்டினார். "அதத்தான் நானும் நெனச்சேன். நாந்தான் எங்கியோ எட தப்பாப் போட்டுட்டேன் போலக்குது. படுத்தா இதே யோசனதான் சார். எந்த நாளுன்னுதான் தெரியல."

"இன்னும் அத்த உட மாட்டியா நீ?" என்று மனைவி உள்ளிருந்து சலித்துக்கொண்டார்.

கலரைக் குடித்து முடித்தேன். எழுந்தேன். சைக்கிளைப் பிடித்தபடியே தெருமுனை வரை என்னுடன் நடந்து வந்தார் ஏழுமலை. அங்கே நின்று, தணிந்த குரலில் சொன்னார்.

"அந்தப் பொண்ண எங்கியாச்சும் பாத்தா சொல்லுங்க சார். நான் வேணும்னு பண்ணலன்னு."

"சொல்றேன்" என்றேன்.

அமலியின் முகவரியை நான் யாரிடமும் கேட்கவில்லை. அவர் சொல்லச் சொன்ன அதையும் நான் சொல்லவில்லை.