அய்யாதுரை அத்தான் வீட்டைப் பொட்டலம் கட்டிய கதை

எங்கள் அய்யாதுரை அத்தானைப் பற்றிச் சொல்வதென்றால் அவருடைய போனிலிருந்துதான் தொடங்கவேண்டும். தி.நகரில் எவர்சில்வர் பாத்திரக்கடை. கடையில் இருந்தால் கடையைப் பார்ப்பார், வீட்டில் இருந்தால் போனில் கடையைப் பார்ப்பார். மூலைக்கு மூலை கேமரா. நான் அவருடைய மச்சினன் கதிரேசன், அங்கேதான் வேலை. தலையைச் சொறிந்தால்கூட, "மாப்ள, அங்க என்ன செய்யுத?" என்று போன் வந்துவிடும். மனுஷன் நிம்மதியாக ஒரு டீ குடிக்க முடியாது.

பேத்தி தமிழ்நிலாவுக்கு ஒன்றரை வயது. அத்தானுக்கு அவள்மேல் உயிர். அவளை மடியில் வைத்துக்கொண்டு போனில் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான், நழுவிப்போய் டீப்பாய் முனையில் நெற்றியை இடித்துக்கொண்டாள். எலுமிச்சை அளவுக்கு வீங்கிவிட்டது. மகள் ஷண்முகப்ரியா கொதித்துப்போனாள்.

"நான் திரும்ப ஆபீஸ் போகணும். பகல்ல குழந்தையை இங்க விடலாம்னு இருந்தேன். ஞாயித்துக்கிழமை வந்து பாப்பேன்பா. வீடு பத்திரமா இல்லன்னா கோயம்புத்தூர்ல எங்க மாமியார்கிட்ட விட்டுடுவேன்."

கோயம்புத்தூர் என்றதும் அத்தான் முகம் செத்துவிட்டது. அன்றைக்கு அவருக்குச் சோறே இறங்கவில்லை.

பத்திரம் என்றால் அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான்: லாரியில் ஏற்றினால் நெளியாமல் போய்ச்சேர வேண்டும். கடையிலிருந்து அட்டையும் வைக்கோலும் சணல் கயிறும் வந்து இறங்கின. டீப்பாய், சோபா, பீரோ எல்லாவற்றையும் சுற்றி, குறுக்கும் நெடுக்குமாக இறுக்கிக் கட்டிவிட்டார். அவர் மனைவி, என் அக்கா தங்கபுஷ்பம் கொஞ்சம் அசையாமல் நின்றிருந்தால் அவளையும் கட்டியிருப்பார். சேலையெல்லாம் பீரோவுக்குள் மாட்டிக்கொண்டதென்று அவள் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டது. வீடு காலியாகிறது என்று நினைத்து ஒரு புரோக்கர் வாடகைக்கு ஒரு குடும்பத்தையே கூட்டிவந்து சமையலறையைக் காட்டிவிட்டுப் போனார். அத்தான் அவர்களுக்குக் காபி கொடுக்கச் சொன்னார்.

அதோடு விட்டாரா? கடைக்குக் கேமரா மாட்டிய ராயப்பேட்டை காஷிஃபைக் கூப்பிட்டு வீட்டுக்குள்ளும் கேமரா மாட்டச் சொன்னார்.

"கொயந்த உன் பக்கத்துலதான கீது நைனா? கண்ணால பாத்தா போதாதா?" என்றான் காஷிஃப்.

"கண்ணால பாத்தா ஒரு பக்கந்தான் தெரியும். இதுல நாலு பக்கமும் தெரியுமுல்லா?" என்றார் அத்தான்.

ஞாயிற்றுக்கிழமை ப்ரியா வந்தாள். கூடத்தைப் பார்த்து நெற்றியில் கை வைத்தாள். குழந்தையை அத்தானிடம் விட்டுவிட்டு, அக்காவோடு சமையலறையைப் பார்க்கப் போனாள். நான் மிச்ச அட்டையை வெளியே போட்டுவிட்டு உள்ளே வந்தேன். அத்தான் போனைப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தார்.

"பாத்தியா மாப்ள, எவ்வளவு சமத்தா உக்காந்திருக்கா!"

போனில் அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். தரையில் அவள் இல்லை. பீரோவில் கட்டிய கயிறுகளில் ஒவ்வொன்றாகக் கால் வைத்து, பாதி உயரம் ஏறி, ஒரு கையால் அட்டையைக் கிழித்துத் தின்றுகொண்டிருந்தாள். நெட் மந்தமாக இருந்ததால் போனில் வந்தது பழைய படம்.

"ஐயோ அத்தான், பீரோவுல பாருங்க!"

அப்போதும் அவர் போனைத்தான் பார்த்தார். "கீழதானடே இருக்கா!"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. பாய்ந்துபோய்ப் பிள்ளையைப் பிடித்தேன். அவள் வாயில் அட்டையோடு சிரிக்கிறாள்.

சத்தம் கேட்டு ஓடிவந்த ப்ரியா குழந்தையை வாங்கிக்கொண்டு பையை எடுத்தாள். அத்தான் வாசலை மறித்து நின்றார். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"அம்மா, வீட்டுல எல்லாத்தையும் கட்டுனேன். இந்தச் சனியனைக் கட்டாம விட்டுட்டேன்," என்று போனை அவள் கையில் கொடுத்தார். பிறகு இடுப்பிலிருந்த கல்லாச் சாவியை எடுத்து என்னிடம் நீட்டினார். "நாளையிலிருந்து நீ உக்காரு மாப்ள."

பெற்ற மகளிடம்கூடக் கொடுக்காத சாவி. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். ப்ரியா பையைக் கீழே வைத்தாள்.

திங்கட்கிழமை கல்லாவில் உட்கார்ந்தேன். டீ குடித்தேன். போனே வரவில்லை. சாயங்காலம் எனக்கே பொறுக்காமல் அக்காவைக் கூப்பிட்டேன்.

"ரெண்டு பேரும் பெரிய அண்டாக்குள்ள இறங்கி வெளாடுதாங்க. அவ எப்பவோ வெளிய வந்துட்டு, திரும்ப உள்ள போயிட்டா. உங்க அத்தானுக்குத்தான் வெளிய வரமுடியல. கடையை அடைச்சிட்டு உன்னைய வந்து தூக்கிவிடச் சொல்லுதாரு."

"இப்பமே வரட்டுமாக்கா?"

அக்கா அவரிடம் கேட்டுவிட்டு வந்தாள்.

"அவசரமில்லையாம். மெதுவா வந்தா போதுமாம்."